ஹீலியோஸ் 44-2ல பின்னாடி இருக்குற இலையெல்லாம் ஏன் சுத்துது?

ஹீலியோஸ் 44-2 லென்ஸ்ல எடுத்த போர்ட்ரெய்ட் ஏதாவது ஒண்ணைப் பாருங்க. நடுவுல முகம் ஷார்ப்பா இருக்கும், பின்னாடி மரத்து இலையெல்லாம் அந்த ஆளைச் சுத்தி வட்டமா ஓடுற மாதிரி இருக்கும். ஃபில்டர் போட்டீங்களா, எடிட் பண்ணீங்களான்னு கேப்பாங்க. ரெண்டும் இல்லைங்க, உள்ள கண்ணாடியை அடுக்கியிருக்குற விதம்தான் காரணம். எனக்கு ரொம்பப் பிடிச்ச லென்ஸ் இது, அதனால விலாவாரியாவே எழுதுறேன்.

இதோட மூலம் ஜெர்மனி. 1930கள்ல ஜெய்ஸ் கம்பெனியில வில்லி மெர்ட்டே கணக்குப் போட்டு உருவாக்குன பயோட்டார் 58 எம்எம் எஃப்/2ங்கற லென்ஸ்தான் அது (58 எம்எம்ங்கறது குவியத் தூரம், எஃப் எண் சின்னதா இருந்தா திறப்பு பெருசு, வெளிச்சம் நிறைய வரும்). போர் முடிஞ்சதும் டிசைன் சோவியத் பக்கம் போயி, அவங்ககிட்ட இருந்த கண்ணாடிக்குத் தகுந்த மாதிரி கணக்கை மாத்தி, மாஸ்கோ பக்கத்துல க்ராஸ்னகோர்ஸ்க் ஃபேக்டரியில 1950கள் கடைசில செய்ய ஆரம்பிச்சாங்க, அப்புறம் ஜெனிட் கேமராவோட சேத்து லட்சக்கணக்குல வித்தாங்க. மொத்தம் ஆறு கண்ணாடி, சிலது ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கறதால நாலு குரூப். நடுவுல அபெர்ச்சர், அதாவது வெளிச்சத்தை அளந்து விடுற திறப்பு, அதுக்கு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அடுக்கு, இதைத்தான் டபுள் காஸ்னு சொல்வாங்க. முன்பக்கம் பண்ற தப்பைப் பின்பக்கம் எதிர்த் திசையில பண்ணி அடிச்சுடும், அதான் இந்த அமைப்போட அழகு.

அது என்ன 50 இல்லாம 58? எஸ்எல்ஆர் கேமராவுல லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல முகம் பாக்குற மாதிரி கண்ணாடி (மிர்ரர்) ஒண்ணு மேல கீழ போய்வரணும், அதுக்கு எடம் வேணும். எஃப்/2 அளவுக்கு வேகமான, அதாவது நிறைய வெளிச்சம் விடுற, டபுள் காஸை 50ல வச்சா பின்பக்கம் அந்த மிர்ரர்ல இடிக்கும்னு அந்தக் காலத்துல 55, 58னு தள்ளிப் போனாங்க. போர்ட்ரெய்ட்டுக்கு அந்த 8 எம்எம் நல்லதாவே போச்சு.

சரி, சுழலுக்கு வருவோம். ரெண்டு வளையலை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கொஞ்சம் எடம் விட்டுப் பிடிச்சு நேரா பாருங்க, ஓட்டை வட்டமா தெரியும், தலையைக் கொஞ்சம் பக்கவாட்டுல நகத்திப் பாருங்க, ரெண்டு வட்டமும் ஒண்ணையொண்ணு வெட்டி நடுவுல கண் வடிவத்துல ஒரு சந்து மட்டும்தான் மிஞ்சும். லென்ஸோட முன் விளிம்பும் பின் விளிம்பும் அதே வேலையைத்தான் செய்யுது. நடுவுல விழற வெளிச்சம் முழுசா உள்ள வருது, ஓரத்துல சாஞ்சு வர்ற வெளிச்சம் வெட்டுப்படுது, அதனால ஃபோகஸ் இல்லாத வெளிச்சப் புள்ளி ஓரத்துக்குப் போகப் போக கண் மாதிரி ஒடுங்கி, நீளவாட்டம் நடுப்புள்ளியைச் சுத்தியே படுத்துக்கும். இலைகளுக்கு நடுவுல தெரியற ஒவ்வொரு வானத் துணுக்கும் இப்படிப் படுத்தா மொத்தமும் சுத்துற மாதிரிதானே இருக்கும். இதோட ஓரத்துல மிச்சம் இருக்குற ஆஸ்டிக்மாட்டிசமும் (புள்ளி புள்ளியா விழாம கோடா இழுபடுற குறை), ஃபோகஸ் ஆகுற தளம் தட்டையா இல்லாம வளைஞ்சு இருக்குறதும் சேந்துக்குது.

அதனாலதான் எஃப்/4க்குக் கொண்டு போனா சுழல் அடங்கிடுது, ஏன்னா இப்ப வெளிச்சத்தை வெட்டுறது விளிம்பு இல்ல, நடுவுல இருக்குற அபெர்ச்சர். ஃபிலிம் அளவை விடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சார்ல போட்டாலும் பாதி போயிடும், ஓரம்தான் படத்துலயே வராதே. சுழல் வேணும்னா ஃபுல் ஃப்ரேம் (ஃபிலிம் அளவு சென்சார்), எஃப்/2, ஆள் ஒன்றரை ரெண்டு மீட்டர்ல, பின்னாடி கொஞ்ச தூரத்துல பொடி இலை மரம், வேப்பமரம் கிடைச்சா ரொம்ப நல்லது.

வளைஞ்ச ஃபோகஸ் தளம்னதும் பெட்ஸ்வாலைச் சொல்லாம விட முடியாது. வியன்னாவுல கணக்குப் பேராசிரியர் அவர். 1839ல டாகேரோடைப்ங்கற ஆரம்ப காலப் புகைப்பட முறை வந்தப்ப இருந்த லென்ஸ் எஃப்/15 பக்கம், ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்குல ஆடாம உக்காரணும், ஆளை எடுக்கவே முடியல. அடுத்த வருஷமே அவர் எஃப்/3.6ல ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டுக் குடுக்க ஃபாய்க்ட்லேண்டர் கம்பெனி செஞ்சு வித்தாங்க, வெளிச்சம் பதினஞ்சு மடங்குக்கும் மேல கூடிடுச்சு. ஆனா அதுல இருக்குற ரெண்டு குரூப்பும் வெளிச்சத்தைக் குவிக்கிற வகை, ஃபோகஸ் தளத்தை நிமித்தணும்னா விரிக்கிற சக்தியும் போதுமான அளவுக்கு உள்ள வேணும். அதனால நடு ஷார்ப், ஓரம் கரைஞ்சு போகும். அந்தக் காலத்துப் போர்ட்ரெய்ட்ல முகம் மட்டும் துலக்கமா இருக்குறது வேகத்துக்காக அவர் விட்டுக்கொடுத்த எடம். எனக்கு அது குறையாவே தெரியல, எதை விடலாம்னு தெரிஞ்சு விட்டிருக்கார்.

இன்னொரு விஷயம் கோட்டிங், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடி மேல போடுற மெல்லிய பூச்சு. கோட்டிங் இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொண்ணும் 4, 5 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். 1896ல ஜெய்ஸ்ல பால் ருடால்ஃப் செஞ்ச பிளானார் லென்ஸும் இதே டபுள் காஸ்தான், நாலு குரூப்னா காத்தைத் தொடுற பரப்பு எட்டு, அப்ப 30 சதவீதம் பக்கம் போச்சு, அதுல ஒரு பங்கு உள்ளயே முட்டி மோதி படம் பூரா வெளிறிடும். அதனால 1902ல அவரே ஆறு பரப்போட கொண்டு வந்த டெஸ்ஸார்தான் ஓடுச்சு. 1935ல ஜெய்ஸ்ல அலெக்ஸாண்டர் ஸ்மகுலா கோட்டிங் கண்டுபிடிச்சப்புறம்தான் டபுள் காஸுக்கு நல்ல காலம் வந்துச்சு. 44-2ல இருக்குறது ஒரே அடுக்கு கோட்டிங், சாயங்கால வெயிலுக்கு எதிர்ல வச்சா கான்ட்ராஸ்ட் இறங்கி ஒரு பால் வெளிச்சம் பரவும். எனக்கு அது பிடிக்கும், கல்யாண ஆர்டருக்கு மட்டும் ஹூட் (வெயில் நேரா விழாம லென்ஸ் முன்னாடி மாட்டுற மறைப்பு) இல்லாம எடுக்க மாட்டேன்.

இதுக்கு நேர் எதிர் ஜெய்ஸ் ஓடஸ் 55 எம்எம் எஃப்/1.4, 2013ல வந்தது. 12 கண்ணாடி, 10 குரூப், எடை ஒரு கிலோ பக்கம், ஹீலியோஸ் கால் கிலோ கூட வராது. ஓரத்துல இருக்குற கண் இமை வரைக்கும் எண்ணலாம், பிரமாதமான லென்ஸ். ஆனா கோடு கோடா இருக்குற டெஸ்ட் சார்ட்டைப் படம் புடிச்சு மார்க் போட்டு எது நல்ல லென்ஸ்னு தீர்ப்பு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஃபோகஸ்ல இல்லாத பகுதி எப்படி இருக்கும்னு சார்ட் சொல்லவே சொல்லாது, போர்ட்ரெய்ட்ல பாதிக்கு மேல அந்தப் பகுதிதானே.

உங்க லென்ஸ் என்ன ரகம்னு பாக்க ஒரு வழி இருக்கு. ராத்திரி தூரத்துல ஒரு சின்ன எல்இடி லைட், அபெர்ச்சரை முழுசா திறந்துக்கோங்க, ஃபோகஸைக் கிட்டக்க வச்சு லைட்டை வட்டமாக்குங்க. வட்டத்தோட விளிம்பு பளிச்சுனு கோடு போட்ட மாதிரி இருந்தா ஸ்ஃபெரிக்கல் அபெரேஷனை (கண்ணாடியோட நடுவுல வர்ற வெளிச்சமும் விளிம்புல வர்ற வெளிச்சமும் ஒரே எடத்துல குவியாத குறை) அளவுக்கு மேல திருத்தியிருக்காங்க, பேக்ரவுண்ட் கொஞ்சம் இரைச்சலா வரும். விளிம்பு மெத்துனு மங்கினா திருத்தாம மிச்சம் வச்சிருக்காங்க, பேக்ரவுண்ட் வழவழன்னு இருக்கும், முன்னாடி இருக்குற பொருள்தான் கரடுமுரடா தெரியும். நிக்கான் 1990 வாக்கில 135 எம்எம் டிசி (டிஃபோகஸ் கன்ட்ரோல்) லென்ஸ்ல இதை வளையத்தைத் திருப்பி நாமளே மாத்துற மாதிரி குடுத்தாங்க. வட்டத்துக்குள்ள வெங்காயத்தை வெட்டுன மாதிரி வளையம் வளையமா தெரிஞ்சா உள்ள அச்சுல வார்த்த ஆஸ்ஃபெரிக்கல் (கோள வளைவு இல்லாத) கண்ணாடி இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் அதே லைட்டை ஃப்ரேமோட மூலைக்குக் கொண்டு போங்க, வட்டம் எங்க கண்ணா மாற ஆரம்பிக்குதுன்னு பாத்து வச்சுக்கிட்டா, அடுத்த தடவை ஆளை எங்க நிக்க வைக்கிறதுன்னு முடிவு பண்ண வசதியா இருக்கும்.