முதலில் போகிற காரை உள்ளே விடாதே
திருகோணமலை நாட்குறிப்பு, ஆகஸ்ட் 2024

2024 ஆகஸ்ட் 3, சனி

கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வந்து இரண்டு நாள் ஆகிறது. சித்தியின் மகன்தான், ஆனால் கூடவே வளர்ந்தவன். பயணக் களைப்பு அவனுக்கு இன்னும் தீரவில்லை. அவன் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, அதெல்லாம் இல்லை. நேற்று இரவே பையைத் திறந்து நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியை எடுத்து எங்கள் ரீ.வி.யில் கொழுவிவிட்டாள். அதன் கொன்ட்ரோலரான ஜோய்-கொன் இரண்டு சோடி இருப்பதால் நான்கு பேர் விளையாடலாம். நான், என் மகன், தம்பி, மருமகள். மச்சாள் பார்க்க மட்டும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

விளையாட்டின் பெயர் ‘வெரி வெரி வலே’. டோய்ஃபுல் கேம்ஸ் செய்தது, 2021 மே மாதத்தில் ஸ்விட்சுக்கு வந்தது. பெரிய ஹோட்டல்களில் வாசலிலேயே காரை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள், வேலையாள் எடுத்துப் போய் நிறுத்தி வைப்பார் அல்லவா, அந்த வேலைதான் எங்களுக்கு. நாங்கள் நால்வரும் துணிப்பொம்மைகள். கார் வந்ததும் ஓடிப்போய் ஏறி, இருக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் சொந்தக்காரர் திரும்பி வந்து தன் காரைக் கேட்பார். அவருடைய பொறுமை தீருவதற்குள் அதே காரைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எவ்வளவு நன்றாகச் செய்தோமோ அதற்கேற்ப நட்சத்திரம் கிடைக்கும்.

கேட்க எளிது. இன்று ஒரு கார் வந்தால் நான்கு பேரும் அதே காருக்கு ஓடினோம். பின்னால் இன்னும் இரண்டு கார் வந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது லெவலை ஆறு முறை ஆடினோம். மகன் தொண்டை அடைக்கக் கத்தினான்: “நான், நான், நான்!”

படுத்த பிறகுதான் விளங்கியது. அந்த “நான்” என்ற சொல்தான் கேடு. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நான்கு பேருக்கு “நான்” என்றால் யார், எந்தக் கார்? ஒன்றும் தெரியாது. நாளையிலிருந்து காரின் நிறத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஓட வேண்டும். “சிவப்பு என்னுடையது.” அவ்வளவு போதும். சொன்னவருக்கு அந்தக் கார், மற்றவர்கள் திரும்பிவிட வேண்டும், சொன்னவர் தூரத்தில் நின்றாலும் சரி. கிட்ட நிற்பவர் எடுப்பது என்று முதலில் யோசித்தேன். ஆனால் யார் கிட்ட என்று பார்த்து முடிப்பதற்குள் இரண்டு பேர் முட்டிக்கொள்கிறார்கள்.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அப்பாவுக்கு விரதம், சமையல், படையல். பகல் முழுவதும் அதிலே போய்விட்டது. இரவு ஒரு மணி நேரம்தான் விளையாடினோம்.

நிறம் சொல்லும் முறை வேலை செய்கிறது. இன்றைய சிக்கல் வேறு. “இடது பக்கம் கொண்டுபோ” என்றால் காருக்கு இடதா, திரைக்கு இடதா? கார் நம்மைப் பார்த்து வரும்போது இரண்டும் எதிரெதிர். தம்பிதான் வழி சொன்னான்: திரைக்கு ஊர்ப் பெயர் வைப்போம். மேல் பக்கம் நிலாவெளி, கீழ்ப் பக்கம் துறைமுகம், வலது கோட்டை, இடது பாலையூற்று. ஊரின் திசைகளும் ஏறக்குறைய அப்படித்தான். “மஞ்சளைக் கோட்டைப் பக்கம் விடு!” என்றதும் மகன் யோசிக்காமல் திருப்புகிறான். மருமகள் இந்த ஊரில் பிறக்காதவள். அவளுக்கு ஒரு தாளில் படம் கீறி ரீ.வி.க்குப் பக்கத்தில் ஒட்டினோம். விளையாட்டை விட அந்தப் படத்தைத்தான் அவள் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் ஊரில் விளையாடினால் உங்கள் ஊர்ப் பெயர்களை வையுங்கள். எல்லோருக்கும் தெரிந்த நான்கு பெயர் கிடைத்தால் போதும்.

2024 ஆகஸ்ட் 7, புதன்

இன்று மாமா வந்திருந்தார். முப்பது வருடம் லொறி ஓடியவர். பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நாற்காலியில் இருந்து பார்த்தார். முதலில் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் ஒரு மூலையில் ஐந்து காரை ஒன்றன்பின் ஒன்றாக வடிவாக அடுக்கியிருந்தோம். எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது. அப்புறம் ஒரு அம்மா வந்து நீலக் காரைக் கேட்டார். நீலம் ஐந்துக்கும் உள்ளே, சுவரோரம்.

“பிள்ளை, உள்ளுக்கு விடுறதை யோசிக்காத. வெளியில எடுக்கிறதை யோசி” என்றார் மாமா.

பிறகு கிண்ணியாவுக்குப் பாதையில் (வாகனங்களை ஏற்றிக் கடக்கிற மிதவையை இங்கே பாதை என்போம்) லொறி ஏற்றிய காலத்தைச் சொன்னார். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரைக்கும் வாகனங்கள் பாதையில்தான் கடக்க வேண்டும். இப்போது 396 மீட்டர்ப் பாலத்தில் ஒரு நிமிடம் கூட ஆகாது. “பாதை எண்டா இந்தப் பக்கத்தால ஏறி அந்தப் பக்கத்தால இறங்கிறது. முன்னுக்கு ஏறினவன் முன்னுக்கு இறங்குவான். ஆனா முட்டு ஒழுங்கையில முன்னுக்குப் போனவன் கடைசியாத்தான் வருவான். நீங்கள் ஒழுங்கையில விட்டுப்போட்டுப் பாதையில விட்டமாதிரி நிக்கிறியள்.”

அந்த ஒரு பேச்சில் விளையாட்டே மாறிவிட்டது. இப்போது ஒரு புது லெவல் திறந்ததும் முதலில் கேட்பது இதைத்தான்: எது பாதை, எது ஒழுங்கை? இரண்டு பக்கமும் திறந்த இடம் பாதை. அங்கே வரிசையாக விடலாம், ஒரு முனையால் விட்டு மறு முனையால் எடுக்கலாம். மூன்று பக்கம் மூடிய இடம் ஒழுங்கை. அங்கே ஒரு கார் ஆழத்துக்கு மேல் விடுவதில்லை. யார் முதலில் திரும்பி வந்து கேட்பார் என்று நமக்குத் தெரியாதபோது, ஒரு காரை இன்னொன்றுக்குப் பின்னால் பூட்டி வைப்பது கடன் வாங்குவது மாதிரி.

கட்டாயம் பூட்டத்தான் வேண்டும் என்று வந்தால் (இடம் நெருங்க நெருங்க வரும்), பூட்டியவர் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: “பச்சைக்கு முன்னால் வெள்ளையை விட்டேன்.” பச்சையைக் கேட்டு ஆள் வந்ததும் வெள்ளையை விட்டவரே ஓடிப்போய் வெள்ளையை விலக்குவார், இன்னொருவர் அதே நேரம் பச்சையில் ஏறி உட்கார்ந்திருப்பார். ஒருவரே இறங்கி ஏறி இரண்டையும் எடுப்பதை விட இது பாதி நேரம்கூட எடுக்காது. விலக்கிய வெள்ளையைத் திரும்ப அதே இடத்தில் செருகப் போகக் கூடாது. பச்சை போன பிறகு அந்த இடம் வேறு விதமாக இருக்கும். இரண்டு வினாடி நின்று பார்த்துவிட்டு விட வேண்டும்.

இந்த விளையாட்டில் கோட்டுக்குள் சரியாக நிறுத்த வேண்டும் என்ற தேவை இல்லை. கோணலாக விட்டாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால் காரை நேராக்குவதற்குச் செலவழிக்கிற ஒவ்வொரு வினாடியும் வீண். மூக்கு வெளிப் பக்கம் பார்க்கிறதா என்று மட்டும் பாருங்கள். திருப்பி விடுவதானால் வாசலில் கூட்டம் இல்லாதபோதே, விடும்போதே திருப்பிவிடுங்கள்.

மாமா போகும்போது நாளைக்கும் வரட்டுமா என்று கேட்டார்.

2024 ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி, கோணேசர் கோயில். வான் பிடித்து எல்லோரும் போனோம். கோட்டை வாசலில் வாகனங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் ஒரே நேரத்தில் நுழைய முடியாது. உள்ளே மான்கள் மரநிழலில் அசையாமல் படுத்திருந்தன. மருமகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு மானைப் பார்த்தாள். மகன் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அம்மா, கீழ வாறதை முதல்ல விடோணும். மேல இடம் காலியாகினாத்தான் நாங்கள் போகலாம்.”

இரவு அதையே விளையாட்டில் செய்து பார்த்தோம். கார் வந்து நிற்கிற வாசலையும், கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தையும் எந்த நேரமும் காலியாக வைப்பது. ஒரு கார் கூட அங்கே “ஒரு நிமிடம் நிற்கட்டும்” என்று நிற்கக் கூடாது. புதிதாக வருகிற காரும் காத்திருக்கிற ஆளும் ஒரே நேரத்தில் வந்தால், காத்திருக்கிற ஆளுக்குத்தான் முதலிடம். அவர் காரை எடுத்துக்கொடுத்தால் உள்ளே ஒரு இடம் பிறக்கிறது, அந்த இடத்துக்கே புதுக் காரை விடலாம். எதிர்மாறாகச் செய்தபோது இரண்டு முறை தோற்றோம்.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று சண்டை. எழுதாமல் விட மனம் வரவில்லை.

மகனுக்கு ஒன்பது வயது. ஒரு காரைத் தவறாகக் கொண்டுபோய் வேறு ஆளின் முன்னால் விட்டுவிட்டான். நான் “என்ன செய்றாய்!” என்று கத்திவிட்டேன். கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டான். அரை மணி நேரம் வரவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விளையாட்டுக்காகப் பிள்ளையை அழவைத்தோமே என்று மனம் பிசைந்தது. போய்ப் பக்கத்தில் இருந்து மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு அவனோடு பேசியபோது தெரிந்தது: எல்லாக் காரையும் நினைவில் வைத்திருக்க அவனால் முடியவில்லை. ஓட்டுவதில் எங்களை விடக் கெட்டிக்காரன். மருமகள் மறுபக்கம். ஓட்டுவது மெதுவாக, ஆனால் எந்தக் கார் எங்கே நிற்கிறது என்று கேட்டால் திரையைப் பார்க்காமலே சொல்வாள். அதனால் இன்று இரவு ஒரு மாற்றம். மருமகள் வாசலில் நின்று வருகிற ஆளைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: “ஊதா வான், நிலாவெளிப் பக்கம், சுவரோரம்.” மகன் போய் எடுப்பான். தம்பி புது வரவுகள். நான் வழி மறிக்கிற கார்களை விலக்குகிற ஆள்.

இந்த ஒழுங்கில் முதல் ஆட்டத்திலேயே மூன்று நாளாகத் தாண்ட முடியாத லெவலைத் தாண்டினோம். மகன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

இன்னொன்றும் முடிவு செய்தோம். ஆட்டம் நடக்கும்போது எங்கே, எது என்று மட்டும்தான் பேச வேண்டும். ஏன், என்ன என்ற கேள்விகள் ஆட்டம் முடிந்த பிறகு.

2024 ஆகஸ்ட் 14, புதன்

தம்பி குடும்பம் கண்டிக்குப் போயிருக்கிறது. வீடு வெறிச்சென்று இருந்தது. கிண்ணியாவில் இருக்கும் என் பழைய வகுப்புத் தோழி போன் எடுத்தாள், அவளுடைய மகன் ‘கார் பார்க்கிங் மல்ட்டிபிளேயர்’ விளையாடுகிறானாம், சேர்ந்து விளையாடலாமா என்று. போனிலேயே விளையாடுவது. அவர்கள் அங்கே, நாங்கள் இங்கே, ஒரே நகரத்துத் தெருவில் சந்தித்தோம்.

இது முற்றிலும் வேறு வகை. இங்கே உண்மையான கார் ஓட்டுகிற மாதிரித்தான். கியர் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, காரை விட்டு இறங்கி நடக்கலாம். இறங்கி நடக்கலாம் என்பதுதான் நண்பர்களோடு விளையாடும்போது பெரிய உதவி. ஒருவர் ஓட்ட, மற்றவர் இறங்கிப் பின்னால் நின்று “வரட்டும், வரட்டும், கொஞ்சம் ஒடி, நில்” என்று குரலில் சொல்லலாம். பஸ்ஸுக்குப் பின்னால் நின்று தட்டிக்கொடுக்கிற நடத்துனர் மாதிரி. மகனும் அந்தப் பையனும் இதை ஒரு மணி நேரம் சலிக்காமல் செய்தார்கள்.

நெருக்கமான இடத்தில் மூக்கை விட்டு நுழைய முயன்று முயன்று இடித்தான் மகன். மாமா போனில் சொல்லிக்கொடுத்தார்: திரும்புவது முன் சில்லுகள் மட்டும்தான். மூக்கை முதலில் விட்டால் பின் சில்லு உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வந்து பக்கத்துக் காரைத் தேய்க்கும். பின்னால் எடுத்து விட்டால் திரும்பாத சில்லு முதலில் இடத்துக்குள் போய்விடும், திரும்புகிற சில்லு வெளியே விசாலத்தில் நின்று மூக்கை நேராக்கும். அப்போது மூக்கு மறுபக்கம் வீசும், அந்தப் பக்கத்தைத்தான் கூட நிற்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு விடயம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே முன்பின் தெரியாதவர்களும் வருவார்கள், குரலில் பேசுவார்கள், கார் தருகிறேன், காசு ஏற்றித் தருகிறேன் என்பார்கள். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது. தெரிந்த பிள்ளைகளோடு மட்டும் பேசலாம். நான் பக்கத்தில் இருப்பேன்.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்று இரவு கடைசி ஆட்டம். மாமாவும் வந்தார், இந்த முறை என் கொன்ட்ரோலரை அவரிடம் கொடுத்தேன். வழிமறிக்கிற கார்களை விலக்குகிற என் வேலை. ஒரு காரைக் கூட அவசரப்பட்டு எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் “விலத்துறன்” என்று சொன்னார். மருமகள் “தாத்தா, பாலையூற்றுப் பக்கம்!” என்றாள். கனடாவில் பிறந்த பிள்ளை.

ஒரு லெவலில் மட்டும் இன்னும் ஒரு நட்சத்திரம் குறைகிறது. பன்னிரண்டு மணி வரைக்கும் ஆடியும் வரவில்லை.

இன்று இரவு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பயணம். பின்னேரமே வான் வந்துவிட்டது. எங்களுடையது முட்டு ஒழுங்கை. வான்காரர் மூக்கை உள்ளே விட்டு வீட்டு வாசலில் நிறுத்தப் பார்த்தார். மகனும் மருமகளும் ஓடிப்போய் மறித்தார்கள். “அண்ணா, பின்னால எடுத்து விடுங்கோ. எங்கட வான்தான் முதல்ல போகும்.” அவர் சிரித்துக்கொண்டே திருப்பி விட்டார். ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு ஓட்டோ வந்தபோது மகனே வெளியே போய் நின்று, அதை வானுக்கு உள்பக்கமாக விடச் செய்தான்.

பத்தரைக்குப் புறப்பட்டார்கள். திரையின் திசைப் படத்தை மருமகள் கழற்றி மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ரீ.வி.க்குப் பக்கத்தில் ஒட்டுநாடாவின் நான்கு துண்டு மட்டும் இருக்கிறது. எடுக்க வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான்.