செஞ்சிக் கோட்டை: ராஜகிரி ஏறிப் பார்த்தாச்சு!

முட்டி ரெண்டும் இன்னும் வலிக்குது, ஆனாலும் சூட்டோட சூடா எழுதிடறேன். எப்படி போறது, எவ்வளவு செலவுன்னு வரிசையா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், ஆனா அந்தப் பாலத்தைப் பத்தி முதல்ல சொல்லலேன்னா தலை வெடிச்சிடும்.

ராஜகிரி சுமார் 800 அடி. கல்படி ஒண்ணொண்ணும் ஒரு உயரம், மூச்சு வாங்க ஏறி உச்சிக்குப் பக்கத்துல போனா பாறை அப்படியே பிளந்து கிடக்கு, 24 அடி அகலம், 60 அடி ஆழம்னு சொல்றாங்க. இப்போ நிரந்தரமா பாலம் இருக்கு, அந்தக் காலத்துல மரப்பாலமாம், அத இழுத்துக்கிட்டா எவ்வளவு பெரிய சேனையா இருந்தாலும் இந்தப் பக்கம் நின்னு வேடிக்கைதான் பார்க்கணும்.

1677ல சிவாஜி புடிச்ச கோட்டை இது, அப்புறம் அவர் மகன் ராஜாராம் மொகலாயர்கிட்ட இருந்து தப்பிச்சு இங்க வந்து உட்கார்ந்துக்க, ஔரங்கசீப்போட தளபதி சுல்பிகர் கான் 1690ல முற்றுகை போட்டு 1698லதான் உள்ள நுழைஞ்சாரு, அதுக்குள்ள ராஜாராம் நழுவிட்டாரு! பாலத்துல நின்னு கீழ எட்டிப் பார்த்தா ஏன் அவ்வளவு வருஷம் ஆச்சுன்னு யாரும் விளக்க வேண்டாம். இதுல ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையையும் வளைச்சு சுமார் 13 கிலோமீட்டர் மதில் வேற.

நம்மாளுங்களுக்கு செஞ்சின்னா தேசிங்குராஜாதான். அவரு ஆண்டது ஒரு வருஷம் கூட இல்ல, 1714ல ஆற்காடு நவாப் படையோட மோதி செத்துட்டாரு. கோட்டைய ஆரம்பிச்ச கோன்களையும் பெருசாக்கின நாயக்கர்களையும் யாரு பேசறா?

கீழ கல்யாண மகால் அழகு, முற்றத்துக்கு நடுவுல அடுக்கடுக்கா ஏறி உச்சியில கூம்பா முடியுது. வளைவுக்குள்ள உட்கார்ந்து பிஸ்கட் பிரிச்ச பையன்கிட்ட இருந்து குரங்கு பாக்கெட்டோட புடுங்கிட்டு ஓடிச்சு, கையில எதுவும் வச்சுக்காதீங்க. 2025ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகள்ல தமிழ்நாட்டுல இருக்கறது இது ஒண்ணுதான், ஆனா மலை ஏறும்போது குடிக்க ஒரு வாய் தண்ணி எனக்கு எங்கயும் கிடைக்கல. கீழயே பாட்டில் வாங்கிடுங்க.

செலவுல வயிறு எரிஞ்சது ஆட்டோதான். பஸ் ஸ்டாண்டுல இருந்து கோட்டை ரெண்டு கிலோமீட்டர் இருக்கும், அதுக்கு 200 ரூபா கேட்டாரு, ஏன்ணே திருவண்ணாமலை வரைக்குமான்னேன், சிரிக்கக்கூட இல்ல, 150க்கு ஏறினேன். திருவண்ணாமலை ரோடு கோட்டைக்கு நடுவுலயேதான் போகுது, அந்த பஸ்ல ஏறி கண்டக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க, நிறுத்தினா காசு மிச்சம்.