ஞாயிறு ஆராதனைக்கு வியாழக்கிழமை வேலை

எல்லாருக்கும் இடமுள்ள சபை என்று பெயரெடுக்கத் திருகோணமலையில் பல சபைகளுக்கு ஆசை உண்டு. அந்த இடம் உண்மையில் இருக்கிறதா என்பது ஞாயிறு காலை தெரிந்துவிடும். அதற்கான வேலை வியாழக்கிழமைக்குள் முடிந்திருக்க வேண்டும்.

முதலில் வேதபாகம். பல சபைகள் கைக்கொள்ளும் பொது வாசக அட்டவணை 1992இல் திருத்தி வெளியிடப்பட்டது. மூன்று வருடச் சுற்று: ஒரு வருடம் மத்தேயு, அடுத்தது மாற்கு, பிறகு லூக்கா, யோவான் இடையிடையே வரும். ஒவ்வொரு ஞாயிறுக்கும் பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் என நான்கு பாகங்கள். ஞாயிறு பாடசாலைக்கும் இதிலிருந்தே ஒன்றை எடுங்கள். பெரியவர்கள் ஒரு பாகத்தைக் கேட்க, பிள்ளைகள் வேறொரு புத்தகத்திலிருந்து நோவாவின் பேழைக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தால், வீட்டுக்குப் போய் அப்பம்மாவும் பேரப்பிள்ளையும் பேச ஒன்றுமிருக்காது. நான்கையும் பிள்ளைகள் தலையில் கட்ட வேண்டாம். நிருபத்தைத் தாராளமாக விட்டுவிடலாம்.

ஓர் உதாரணம். 2027 ஏப்ரல் 25, உயிர்ப்புக் காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அப்போஸ்தலர் 8:26–40, ரதத்தில் போகும் வழியில் பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெற்ற எத்தியோப்பிய மந்திரியின் கதை. அவர் ஓர் அண்ணகர், அதாவது விதையடிக்கப்பட்டவர். நாலு முதல் ஏழு வயதுக்காரருக்கு இரண்டு கதிரையும் ஒரு படுக்கை விரிப்பும் போதும், ரதம் தயார். பக்கத்தில் ஒரு பேசின் தண்ணீர். எட்டு முதல் பதினொரு வயதுக்காரரிடம், ஞானஸ்நானம் பெறத் தனக்கு என்ன தடை என்று மந்திரி கேட்கும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, யார் யார் என்ன தடை சொல்லியிருப்பார்கள் என்று கேளுங்கள். ஊர், நிறம், உடை, சாதி எல்லாம் பிள்ளைகள் வாயிலிருந்தே வரும். வாலிபருக்கும் பெரியவர்களுக்கும் மூன்று பாகங்களை வரிசையாக வாசிக்கக் கொடுங்கள்: அண்ணகரைச் சபைக்கு வெளியே நிறுத்தும் உபாகமம் 23:1, அவர்களுக்கு ஆலயத்துக்குள் இடமும் பெயரும் வாக்களிக்கும் ஏசாயா 56:3–5, அதன்பின் அப்போஸ்தலர் 8. மந்திரி வாசித்துக்கொண்டிருந்ததும் ஏசாயாவின் சுருளைத்தான் என்பதை யாராவது கண்டுபிடிப்பார்கள்; கண்டுபிடிக்கும்வரை பொறுங்கள்.

இந்தப் பாடத்தில் திருநங்கையர் பற்றியும் ஒருபாலீர்ப்பு உள்ளவர்கள் பற்றியும் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளின் நிழல் இங்கே இருப்பதால், வகுப்பில் பேசியது வெளியே போகக்கூடாது, படமெடுத்து வட்ஸ்அப்பில் போடக்கூடாது என்பதை முதலே சொல்லிவிடுங்கள். அறையில் இருக்கும் ஒருவரை உதாரணமாகக் காட்டுவது எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும் கேடுதான். இரகசியத்துக்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால் ஆசிரியர் அதைத் தனக்குள் வைத்திருக்கக்கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. எந்த வகுப்பிலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும்.

ஆராதனைத் தாள் தனிக்கதை. பாமினி எழுத்துருவில் அடித்துக் கோப்பாக அனுப்பினால் பலருடைய போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அந்தக் குப்பையைத்தான் வாசிக்கும். யூனிகோடில் அடித்து வெள்ளிக்கிழமையே அனுப்பினால் அவர் பாட்டுகளைக் கேட்டுவிட்டு வருவார். பெரிய எழுத்துப் பிரதி 18 புள்ளிக்குக் குறையாமல், மங்காத கறுப்பில். சிங்களக் குடும்பங்கள் வரும் சபையில் பிரசங்கத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் இருபது நிமிடம் நாற்பதாகி இரண்டு பக்கமும் களைத்துவிடும். சிங்களத்தில் அரைப்பக்கச் சுருக்கம், ஒரு வேதபாகம், தமிழ்ப் பாட்டின் வரிகள் சிங்கள எழுத்தில், இவ்வளவும் போதும். சைகை மொழிபெயர்ப்பாளர் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் நிற்கட்டும். பின்னால் யன்னல் வேண்டாம். காலை வெளிச்சத்தில் முகமும் கையும் இருட்டாகிவிடும்.

சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: 15 சென்ரிமீற்றர் படி ஒன்றுக்கு 180 சென்ரிமீற்றர் நீளம். மூன்று படியென்றால் ஐந்தரை மீற்றர் கிட்ட வரும். இடமில்லையென்று செங்குத்தாகப் பலகை போடுவதுதான் வழமை; மார்கழி மழையில் அது வழுக்குமரம். சரியாகக் கட்டியதன் அடியிலும் மோட்டார் சைக்கிள் நிறுத்தாமல் பார்க்க ஒருவர் வேண்டும். உள்ளே நடுவரிசை வாங்கு ஒன்றைக் குறுக்கிவிட்டால் சக்கர நாற்காலிக்காரர் குடும்பத்தோடு இருக்கலாம், கடைசியில் தூண் மறைவில் தனியே அல்ல.

திருவிருந்துக்குப் புளிக்காத திராட்சைச் சாறு எல்லாருக்கும் ஒன்றே. குடியை விட்டு மீள்பவருக்கென்று தனிக்கிண்ணம் வைத்தால் ஊருக்கே அறிவித்த மாதிரி. கறுப்புத் திராட்சையைக் கொதிக்கவைத்து, வடித்து, ஆறியதும் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். இந்த ஊர் வெக்கையில் மேசையில் ஓரிரவு நின்றாலே புளிக்கத் தொடங்கும். ஒருவருக்கு 15 மில்லிலீற்றர் வீதம் அறுபது பேருக்கு 900. கிண்ணம் கழுவும் முறைப்பட்டியலை ஒருமுறை பாருங்கள்: ஒரே தெருப் பெண்களின் பெயர்கள் மட்டும் வருகிறதென்றால் சாதி இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரியைக் கணவனை இழந்த ஒரு பெண் ஏற்றட்டும். வீட்டு விசேஷங்களில் அவரைப் பின்னால் நிறுத்தும் வழக்கத்துக்குப் பிரசங்கத்தைவிட அது நன்றாகப் பதில் சொல்லும்.

பிள்ளைகள் முதல் பாட்டிலிருந்து வேதவாசிப்பு வரை பெரியவர்களோடு இருந்து, பிரசங்கத்தின்போது வகுப்புக்குப் போய், ஆசீர்வாதத்துக்குத் திரும்புவது நல்லது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வருடத்தில் ஞாயிறு ரியூசன் அவர்களை அள்ளிக்கொண்டு போகும். தாய்தகப்பனைத் திட்டிப் பயனில்லை. சனி பின்னேரம் அதே பாடத்தை முப்பது நிமிடத்தில் மறுபடி நடத்தலாம். மனப்பாட வசனத்துக்குப் பரிசு வைத்தால், வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை மூன்றாவது கிழமை வராது. வசனத்தைப் பாட்டாகவோ சைகையாகவோ சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தந்தையர் தினத்துக்கு அட்டை செய்வதும் வேண்டாம். போருக்குப் பின் இந்த மாவட்டத்தில் தகப்பன் இல்லாத வீடுகள் எத்தனையோ.

சைவ, இஸ்லாமியச் சிநேகிதப் பிள்ளைகள் கூட வந்தால் பெற்றோரின் சம்மதத்தோடு மட்டும் இருத்துங்கள். அவர்களுக்கென்று பரிசுப்பொருள் கொடுத்து இழுக்கும் பழக்கம் அயலில் சந்தேகத்தை வளர்க்கும், அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கும். தேத்தண்ணியோடு கொடுக்கும் பணிஸில் இறைச்சி வேண்டாம்.

2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகளும் குண்டுவெடிப்பில் இறந்தார்கள். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை முன்வாசலில் கூடவிடாமல் நேரே உள்ளே கூட்டிவர வேண்டும். வரவுப் பதிவேடு ஆசிரியர் கையில் இருக்க வேண்டும், பூட்டிய அலுமாரியில் அல்ல. வாசலில் பையைப் பார்ப்பவருக்குத் தமிழும் சிங்களமும் தெரிந்திருக்கட்டும். எல்லாருடைய பையையும் பார்க்கட்டும், முக்காடு போட்டவருடையதை மட்டும் அல்ல.