போர்ஷியாவின் பேச்சுக்கு ஒரு வரி முன்னால்

பரீட்சையில் முதல் தடவை, ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் சட்டம், கருணை, நம்பிக்கை பற்றிய கேள்விக்கு ஐந்து பக்கம் எழுதினேன். கிடைத்த புள்ளியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடனைக் கட்டமுடியாத வணிகன் அன்டோனியோவுக்காக வழக்கறிஞர் வேடத்தில் மன்றத்துக்கு வரும் போர்ஷியா, கடன் கொடுத்த யூதன் ஷைலாக்கிடம் பேசும் கருணைப் பேச்சைப் பாடமாக்கி அப்படியே இறக்கியிருந்தேன். சட்டம் ஒரு பக்கம், கருணை மறுபக்கம், கடைசியில் கருணை வென்றது, சுபம்.

வெளிவாரியாக ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் இந்தக் குழியில் விழவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டாம் தடவை வெள்ளவத்தையில் மாமி வீட்டில் தங்கிப் படித்தேன். நான்காம் அங்கத்தைத் திறந்தால், கருணை 'ஸ்ட்ரெயின்ட்' (strained) அல்ல என்ற வரிக்கு அருகே என் பழைய பென்சில் குறிப்பு: 'வடிகட்டாதது'. தேத்தண்ணி வடியை நினைத்து எழுதியிருக்கிறேன்! அங்கே அந்தச் சொல்லுக்கு 'கட்டாயப்படுத்தியது' என்று பொருள். ஒரு வரி முன்னால் போயிருந்தாலே விளங்கியிருக்கும். ஷைலாக் இரங்கத்தான் வேண்டும் என்கிறாள் போர்ஷியா. "எந்தக் கட்டாயத்தில்? அதைச் சொல்" என்கிறான் அவன். அதற்குப் பதிலாகத்தான் அந்தப் பேச்சே வருகிறது. கருணையைச் சட்டத்தால் வற்புறுத்த முடியாது என்று அவளே ஒத்துக்கொள்கிறாள். அப்புறம் அதே மன்றத்தில் என்ன நடக்கிறது? ஷைலாக் மதம் மாறவேண்டும் என்ற நிபந்தனை, கருணை என்ற பெயரிலேயே அவன்மேல் விழுகிறது. இந்த முரணைத் தொடாமல் 'கருணை வென்றது' என்று எழுதினால் புள்ளி எங்கிருந்து வரும்?

நம்பிக்கை என்ற மூன்றாவது இழையை மாமியிடம்தான் பிடித்தேன். அவ சீட்டுப் பிடிக்கிறவ. யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கும்.

"ஏன் மாமி எழுதிறியள், ஆக்களில நம்பிக்கை இல்லையோ?"

"நம்பிறபடியாத்தான் எழுதிறன். நம்பாத ஆளைச் சீட்டில சேர்க்கவே மாட்டன்."

நாடகத்தில் நண்பன் பஸ்ஸானியோவுக்காக அன்டோனியோ ஷைலாக்கிடம் வாங்கும் கடன் 3000 டக்கட் நாணயம், தவணை 3 மாதம், தவறினால் அன்டோனியோவின் உடலிலிருந்து ஒரு இறாத்தல் சதை. அந்த முறி, அதாவது கடன் பத்திரம், வட்டியில்லாமல், விளையாட்டுப்போல, நட்புக்காக என்று சொல்லித்தான் எழுதப்படுகிறது. அதை ஏன் நகரத்தை ஆளும் டியூக்கால் கிழித்தெறிய முடியவில்லை? அன்டோனியோவே மூன்றாம் அங்கத்தில் காரணம் சொல்கிறான்: அந்நியருக்குள்ள உரிமையை மறுத்தால் நகரத்தின் நீதிக்கே பழி, ஏனென்றால் வெனிசின் வியாபாரமும் லாபமும் எல்லா இனத்தாராலும் வருவது. கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. வெனிசில் சட்டமே முன்பின் தெரியாதவர்களுக்கு இடையிலான நம்பிக்கைதான்.

ஐந்தாம் அங்கத்தை வெறும் பகிடி என்று தாண்டிவிடாதீர்கள். போர்ஷியா கொடுத்த மோதிரத்தை அவள் கணவன் பஸ்ஸானியோ, வேடத்தில் இருப்பது அவள்தான் என்று தெரியாமல், வழக்கு முடிந்ததும் அந்த வழக்கறிஞருக்கே கழற்றிக் கொடுத்துவிட்டிருக்கிறான். அது வெளியானதும் அன்டோனியோ அவனுக்காக மறுபடி பிணை நிற்கிறான். முன்பு உடலை ஈடு வைத்தவன் இப்போது ஆன்மாவை வைக்கிறான். முறியின் மொழி வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. என் விடையை இங்கிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போனேன்.

45 நிமிடத்தில் மூன்று பக்கம்தான் வந்தது. ஷைலாக்கின் மகள் ஜெசிக்காவைப் பற்றி எழுத நேரம் போதவில்லை. மணமாகுமுன் லேயா என்பவள் தந்த மோதிரத்தை ஷைலாக் ஒரு காடு நிறையக் குரங்குகளுக்கு ஈடாகவும் கொடுத்திருக்கமாட்டான், மகளோ அதை ஒரே ஒரு குரங்குக்கு விலையாகக் கொடுத்துவிட்டாள் என்பதை மட்டும், மணி அடிக்கிற நேரத்தில், ஓரத்தில் செருகிவிட்டு வந்தேன்.