நாலு பேருக்கும் ஒரே தண்டனை

எங்கள் பள்ளிக்கூடத்து நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் பள்ளிக்கூடத்துப் பின்மதிலும் அதற்கு அந்தப் பக்கம் நின்ற மாமரமும்தான். ஏழாம் வகுப்பில் நாங்கள் நாலு பேர் மதிலேறி மாங்காய் பிடுங்கி அகப்பட்டோம். வகுப்பாசிரியை எங்களை முற்றத்து மணலில் முழங்காலில் நிற்கவைத்தார். அடுத்த நாள் காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாட அதே ஆசிரியை என்னைத்தான் கூப்பிட்டார். குழப்படி அன்றோடு முடிந்தது. எங்கள் மேல் அது ஒட்டிக்கொள்ளவில்லை.

அது எவ்வளவு பெரிய கொடை என்று எனக்கு விளங்கவைத்தவர் எங்கள் ஊரவர் அல்ல. தென் லண்டனில் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் என்னோடு பதினொரு வருடம் வேலை செய்த ஒரு கறுப்பினத் தாய்.

அவருடைய பெற்றோர் ஜமேக்காக்காரர். ஜமேக்கா முதலான கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு 1948இல் எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் லண்டனுக்குக் கிழக்கேயுள்ள டில்பரித் துறைமுகத்துக்கு வந்தது; அதற்குப் பின்னான வருடங்களில் பிரித்தானியாவுக்கு வேலைக்கு வந்தவர்கள். தகப்பன் பஸ் ஓட்டினார். இவர் 1963இல் லண்டனிலேயே பிறந்தவர். ஏழு வயதில் பள்ளியில் ஒரு சோதனை வைத்தார்கள். வீட்டில் பேசுகிற ஜமேக்கப் பேச்சிலேயே இவர் விடை சொன்னாராம். அடுத்த தவணையில் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். 'விசேட பள்ளி' என்றுதான் இவருடைய தாய்க்குச் சொன்னார்கள். விசேடம் என்றால் நல்லதுதானே? தாய் சந்தோஷப்பட்டு, ஒவ்வொரு நாளும் உடுப்பை அழுத்தி, தலை பின்னி அனுப்பினார்.

உண்மையில் அது, கல்வியில் இயல்புக்குக் குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளி. கரீபியக் குடும்பங்களின் பிள்ளைகளை அளவுக்கு மீறி அங்கே தள்ளுகிறார்கள் என்பதை, அப்படியான பள்ளிகளில் படிப்பித்த கிரெனடா நாட்டவர் பேர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறு நூலாக எழுதினார். அதற்குப் பிறகுதான் பல பெற்றோருக்கு விசயமே தெரிந்தது. 1981ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்த வகைப்பாட்டை நீக்கியபோது இவருக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்காலம் போய்விட்டது.

"எனக்குக் கணக்கு விருப்பம். அங்கே நாள் முழுக்க நிறம் தீட்டத்தான் விட்டார்கள்." உருளைக்கிழங்கு உரித்தபடி அவர் இதைச் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது சனிக்கிழமைப் பள்ளி. கரீபியப் பெற்றோர் 1960களின் கடைசியிலிருந்து தாங்களே நடத்திய பள்ளிகள் அவை. நாங்களும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வாடகை மண்டபங்களுக்குக் கூட்டிப் போகிறோம். எங்களுக்கு முன்னமே அவர்கள் நடந்த வழி அது.

இவ்வளவும் கேட்ட நான், வீட்டில் அவரைப் பற்றிக் கதைக்கையில், கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்க எங்கள் ஆட்களிடம் புழங்கும் 'காப்பிலி' என்ற சொல்லைச் சொல்லியிருக்கிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது. எங்கள் வகுப்பில் சுருட்டை முடியும் கறுத்த நிறமுமான ஒரு தோழியை ஐந்து வருடம் அப்படித்தான் கூப்பிட்டோம். அவள் சிரிப்பாள். அதை உண்மைச் சிரிப்பென்று நம்பினோம். தோழி, இந்த மலர் உன் கைக்கு வந்தால், என்னை மன்னித்துக்கொள்.

சரி, அந்தத் தாயிடம் திரும்பி வருகிறேன். 1987இல் அவருக்கு மகன் பிறந்தான். எங்கள் பிள்ளைகள் டொக்டராக வேண்டும், எஞ்சினியராக வேண்டும் என்று நாங்கள் கதைக்கும்போது அவர் சொன்னார்: "மற்றப் பிள்ளைகள் செய்கிற குழப்படியை என் மகனும் செய்யவேண்டும். அவர்களுக்குக் கிடைக்கிற ஏச்சே அவனுக்கும் கிடைக்கவேண்டும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்." எனக்கு அப்போது விளங்கவில்லை. கரீபியக் குடும்பத்துப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளைவிட அதிக அளவில் பள்ளியிலிருந்து நீக்கப்படுவதை அரசின் புள்ளிவிபரங்களே காட்டுகின்றன என்பது பிறகுதான் தெரிந்தது.

1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற பதினெட்டு வயதுக் கறுப்பின மாணவன் ஸ்டீபன் லோரன்ஸை வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. அதற்கடுத்த கிழமைகளில் எங்கள் சமையலறையில் அந்தத் தாய் பேசவே இல்லை. இடைவேளையில் காசு போடும் தொலைபேசிக்குப் போய், மகன் வந்துவிட்டானா என்று பள்ளியைக் கேட்டுவிட்டு வருவார்.

மகனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலு பையன்கள் ஈரக் கடதாசியை உருட்டி மலசலகூடக் கூரையில் எறிந்து ஒட்டவிட்டார்களாம். நாலு பேரும் பள்ளி விட்ட பிறகு அரை மணித்தியாலம் நிற்கவேண்டும். மற்ற மூவரும் வெள்ளைப் பையன்கள். இவர் தொலைபேசி எடுத்து, அவர்களுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டார். அரை மணித்தியாலம் என்றார்கள். இன்னொரு முறை கேட்டார். அதே பதில்தான்.

கடிதத்தை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்தார். அப்புறம் எடுத்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார். தேநீர் நேரத்துக்குக் கேக் வாங்கி வந்தார். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் மகனுக்கு நல்ல ஏச்சும் கொடுத்தாராம்.