டோனி டானைப் படித்த விதம்: வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை எழுதப் போகிறவர்களுக்கு

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில், சிங்கப்பூர் அரசியல் வரலாற்றுத் தாளுக்காக ஒரு தலைவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுத வேண்டும். அதன்பிறகு நேர்முகத் தேர்வும் உண்டு. நான் எடுத்துக்கொண்டவர் டோனி டான் கெங் யாம், வங்கியிலிருந்து அரசியலுக்கு வந்து நாட்டின் ஏழாவது அதிபரானவர். அடுத்து இதே தாளை எழுதப்போகும் தம்பி தங்கைகள் சிலர் கேட்டதால் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன்.

இவருடைய பதவிப் பட்டியல் மிக நீளம். கல்வி, வர்த்தகத் தொழில், நிதி, தற்காப்பு, துணைப் பிரதமர் என்று போய்க்கொண்டே இருக்கும். அதை வரிசையாக மனப்பாடம் செய்தால் நாள்காட்டிதான் மிஞ்சும். நான் வேறு ஒன்றைத் தேடினேன்: எந்தெந்த இடத்தில் உள்ளே வந்தார், எங்கே வெளியேறினார், எதை வேண்டாம் என்றார். அந்த இடங்களை மட்டும் ஆழமாகப் படித்தேன்.

முதல் இடம் 1979. 1940இல் பிறந்தவர், இயற்பியல் படித்து, அடிலெய்டில் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1969இல் ஓசிபிசி வங்கியில் சேர்ந்தார். அந்த வங்கியின் தலைவர் டான் சின் துவான் இவருடைய நெருங்கிய உறவினர். இதைக் கட்டுரையில் மறைக்காதீர்கள், நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள். பொது மேலாளராக உயர்ந்த கொஞ்ச காலத்திலேயே செம்பவாங் தொகுதி இடைத்தேர்தலில் நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார். ஏன் அப்போது? ஆளும் மக்கள் செயல் கட்சி அடுத்த தலைமுறைத் தலைவர்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. கப்பல் நிறுவனத்தை நடத்திய கோ சோக் டோங்கும் 1976இல் அப்படித்தான் வந்தார். தனிமனிதர் கதையை இந்தப் பெரிய தேடலோடு சேர்த்து எழுதினால்தான் அது வரலாறாகும்.

நான் அதிக நேரம் செலவிட்டது 1985இல். அதற்கு முந்தைய ஆண்டு, பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் வந்தது. மக்களிடம் கடும் கோபம். 1984 டிசம்பர் பொதுத்தேர்தலில் ஆளும் கட்சியின் வாக்கு 77.7 விழுக்காட்டிலிருந்து 64.8க்குச் சரிந்தது. (அந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு, ஒரே காரணமாக எழுதிவிட வேண்டாம்.) அப்புறம் கல்வி அமைச்சராக வந்த டோனி டான் அந்த முன்னுரிமையை நீக்கினார். சொந்தக் கட்சி அரசின் திட்டத்தையே, அது வந்த சூட்டோடு திரும்பப் பெற்றார். இவருடைய அரசியலில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அந்தக் கால நாடாளுமன்ற உரைகளையும், தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கும் பழைய நாளிதழ்களையும் நேரடியாகப் படியுங்கள். சுருக்கக் குறிப்புகளில் அந்தக் கோபத்தின் சூடு இருக்காது.

அடுத்தது, பிரதமர் பதவி. அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ தமக்குப் பின் முதலில் நினைத்தது இவரைத்தான், அதை வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் இவர் அதை விரும்பவில்லை. சக அமைச்சர்கள் கோ சோக் டோங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். 1991 இறுதியில் அமைச்சரவையை விட்டு ஓசிபிசிக்கே தலைவராகத் திரும்பினார். 1992இல் துணைப் பிரதமர்கள் ஓங் டெங் சியோங், லீ சியன் லூங் இருவருக்கும் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அழைப்பு வர, 1995இல் துணைப் பிரதமராகவும் தற்காப்பு அமைச்சராகவும் மீண்டும் வந்தார். 2000இல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் உருவானதிலும் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

2011 அதிபர் தேர்தலுக்கு ஒரு எச்சரிக்கை. போட்டியிட்ட நால்வருக்கும் குடும்பப் பெயர் டான். அதனால் விடைத்தாளில் முழுப்பெயரை எழுதுங்கள். டோனி டான், இரண்டாவதாக வந்த டான் செங் போக்கை வென்ற வாக்கு வித்தியாசம் சில இடங்களில் 7,269 என்றும் சில இடங்களில் 7,382 என்றும் இருக்கும். இரண்டும் சரி. முதலாவது மறு எண்ணிக்கைக்குப் பின் அறிவித்தது, இரண்டாவது வெளிநாட்டு வாக்குகளும் சேர்ந்தது. எதை எழுதினாலும் எந்தக் கட்டத்துக் கணக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவர் பெற்றது ஏறத்தாழ 35 விழுக்காடு, அதாவது மூவரில் இருவர் மற்றவர்களுக்கு வாக்களித்தார்கள். அதே ஆண்டு மே மாதப் பொதுத்தேர்தலில் ஆளும் கட்சி 60.1 விழுக்காடு பெற்றிருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஆண்டின் மனநிலை புரியும்.

நேர்முகத்தில் என்னிடம் கேட்ட கடினமான கேள்வி: "வங்கியாளராக இருந்தது அதிபர் பதவிக்குப் பலமா, பலவீனமா?" நாட்டின் சேமிப்பிருப்பைத் தொட அதிபரின் ஒப்புதல் வேண்டும். 2009இல் அப்போதைய அதிபர் எஸ்.ஆர். நாதன் 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க ஒப்புதல் தந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்த வேலைக்கு நிதி அறிவு பலம்தான். ஆனால் டோனி டான் அதற்கு முன் அந்தச் சேமிப்பை முதலீடு செய்யும் ஜிஐசியின் உயர் பொறுப்பிலும், நீண்ட காலம் அமைச்சராகவும் இருந்தவர். தாம் இருந்த இடத்தையே தள்ளி நின்று பார்க்க முடியுமா என்ற கேள்வியும் நியாயமானது. இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, பலமே கூடுதல் என்று என் தரப்பைச் சொன்னேன். 1985 முடிவைத்தான் ஆதாரமாகக் காட்டினேன்.