தங்கத்தைக் காதால் தேடுகிறவர்கள்

மெல்போர்னிலிருந்து பல்லாரட், மேரிபரோ வழியாக வடமேற்கே இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டினால் டனோலி வரும். அகலமான ஒரு தெரு, இருபுறமும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடங்கள், அதைத் தாண்டினால் காடு. காடு என்றதும் இருட்டிக் கிடக்கும் அடர்வனத்தை நினைத்துவிட வேண்டாம். யூக்கலிப்டஸ் வகையைச் சேர்ந்த பாக்ஸ், அயர்ன்பார்க் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். தரையெல்லாம் செம்மண், அதில் சிதறிக் கிடக்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் கற்கள். அவோகா, காசில்மெயின், வெட்டர்பர்ன் ஊர்களுக்கு நடுவே இருக்கும் இந்த நிலப்பரப்பை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தங்க முக்கோணம் என்கிறார்கள். பொழுதுபோக்காகத் தங்கம் தேடுகிறவர்கள் இலையுதிர் காலத்து வார இறுதி ஒன்றில் இங்கே கூடுகிறார்கள் என்று மனைவியின் தம்பி சொன்னான். அவனிடம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைச் சத்தத்தால் காட்டும் டிடெக்டர் இருந்தது, என்னிடம் கார் இருந்தது. கிளம்பிவிட்டோம்.

கூடாரங்களும் கேரவன்களும் மரங்களுக்கு இடையே பரவிக் கிடந்தன. பதிவு மேசையில் பெயரைக் கேட்பதற்கு முன்பே ‘மைனர்ஸ் ரைட்’ இருக்கிறதா என்று கேட்டார்கள். விக்டோரியாவில் தங்கம் தேட அரசு தரும் அனுமதிச் சீட்டு அது. ஒருமுறை வாங்கினால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். கைக்கருவிகளால் மட்டுமே தோண்டலாம், தனியார் நிலமென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும், தோண்டிய குழியை மூடியே ஆக வேண்டும். இதற்கு உட்பட்டுக் கிடைக்கும் தங்கம் கண்டெடுத்தவருக்கே சொந்தம்.

அந்தச் சீட்டின் பின்னால் ரத்தம் சிந்திய கதை ஒன்று இருக்கிறது. 1851ல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் காலனி அரசு, மண்ணில் இறங்கும் ஒவ்வொருவரும் மாதம் 30 ஷில்லிங் கட்டி உரிமம் வாங்க வேண்டும் என்றது. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். போலீஸ் குழிகளுக்கே வந்து உரிமத்தைக் காட்டச் சொல்லும். பொறுத்துப் பார்த்த தொழிலாளர்கள் பல்லாரட்டில் யுரேகா என்ற இடத்தில் தடுப்பரண் கட்டி எதிர்த்து நின்றார்கள். 1854 டிசம்பர் 3 விடியற்காலையில் படை புகுந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த ஆண்டே உரிமம் ஒழிந்தது. அதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு பவுண்டில் மைனர்ஸ் ரைட் வந்தது, அதோடு ஓட்டுரிமையும் வந்தது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது அதன் கனம் வேறாகத்தான் இருந்தது.

சந்திப்பில் நான் அதிக நேரம் நின்ற இடம் டிடெக்டர் செயல்விளக்கம். விலையையும் மாடலையும் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பேச்செல்லாம் காதைப் பற்றியே இருந்தது. இந்த மண்ணில் இரும்புத் தாது அதிகம், மண்ணே டிடெக்டரில் கத்தும். சாதாரணக் கருவி இங்கே திணறிவிடும். 1990களின் நடுவில் அடிலெய்டைச் சேர்ந்த மைன்லேப் நிறுவனம், புரூஸ் கேண்டி என்ற பொறியாளரின் வடிவமைப்பில் பல்ஸ் இண்டக்‌ஷன் முறையில் இயங்கும் கருவிகளைக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. டிடெக்டரின் அடியில் இருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் மண்ணுக்குள் மின்காந்தத் துடிப்பை அனுப்பிவிட்டு உடனே நிறுத்திவிடும். அந்தத் துடிப்பு உலோகத்தில் உண்டாக்கும் மின்சுழல் அடங்கச் சற்று நேரம் எடுக்கும். அது அடங்கும் விதத்தைத்தான் கருவி கேட்கிறது. எல்லாரும் தேடி முடித்துவிட்டதாக நினைத்த ஓடைப்பள்ளங்களிலிருந்து மறுபடியும் தங்கம் வரத் தொடங்கியது அப்போதுதான்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஹெட்போனில் இடைவிடாமல் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும், அதைத் தலைக்குள் பழக்கிக்கொள்ளுங்கள் என்றார். சிக்னல் என்பது அந்த ரீங்காரத்தில் விழும் ஒரு சின்ன மடிப்பு. சில சமயம் அது ஒலியாகக்கூட இருக்காது, ரீங்காரம் கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான். காயிலை வேகமாக வீசினால் அதைத் தவறவிட்டுவிடுவோம். தரையை ஒட்டி, ஒரே உயரத்தில், ஒவ்வொரு வீச்சும் முந்தையதன்மேல் பாதி படியும்படி நகர வேண்டும். ஒரு பக்கமாக வீசும்போது சத்தம் வந்தால் குறுக்கேயும் வீசிப் பார்க்க வேண்டும். இரண்டு திசையிலும் ஒரே இடத்தில் கூர்மையாகக் கேட்டால்தான் தோண்டலாம். அகலமாகப் பரவிக் கேட்டால் பெரும்பாலும் இரும்புத் தாதுக் கல்தான். கைப்பேசியை அணைத்துவிடுங்கள், எஃகு முனை வைத்த பூட்ஸ் போடாதீர்கள், பக்கத்து டிடெக்டரிலிருந்து தள்ளியே இருங்கள் என்றெல்லாம் சொன்னார். எல்லாம் அந்த ரீங்காரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத்தான்.

மதியத்துக்குப் பிறகு அவர் எங்களை ஒரு பழைய ஓடைப்பள்ளத்துக்கு அழைத்துப்போனார். வழியில் வட்டமாக ஒரு அகழி, நடுவில் மேடு, மேட்டின்மேல் மரங்கள். குதிரையைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டுக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்த இடம் அது. கொஞ்சம் தள்ளி, தோண்டிப் போட்ட மண் குவியல்கள். ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு சுரங்கக்குழி வாய் பிளந்து கிடக்கிறது, பலவற்றுக்கு வேலியே கிடையாது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்னோக்கி ஒரு அடிகூட வைக்கக் கூடாது என்று பெரியவர் கண்டிப்பாகச் சொன்னார். வெயில் காலத்தில் பழுப்புப் பாம்புகள் வேறு. அதனால்தான் இந்தச் சந்திப்புகளை வெயில் தணிந்த பிறகு வைக்கிறார்கள்.

“அத்தான், இங்க வாங்க, இதக் கேளுங்க” என்று மச்சான் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தான். ரீங்காரம், பிறகு மேலேறி இறங்கும் மெல்லிய குரல் ஒன்று, மறுபடியும் ரீங்காரம். பெரியவர் பூட்ஸ் காலால் மேல்மண்ணைத் தேய்த்துத் தள்ளினார். சத்தம் நகரவில்லை. நகர்ந்திருந்தால் மேலாகக் கிடக்கும் ஈயக் குண்டாக இருக்கும் என்றார். சின்னக் குந்தாலியால் மச்சான் பதமாகக் கொத்தினான். குந்தாலியின் தலையில் ஒரு காந்தத்தை ஒட்டி வைத்திருந்தான், ஆணி, கம்பி எல்லாம் அதிலேயே பிடித்துக்கொள்ளும். காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. ஒரு சாண் ஆழம் போனதும் குழி மௌனமாகிவிட்டது, சத்தம் அள்ளிப் போட்ட மண்ணுக்கு மாறியிருந்தது. பிளாஸ்டிக் கரண்டியால் ஒரு வாய் மண்ணை அள்ளிக் காயிலுக்குமேல் ஆட்டினான். சத்தம் இருந்தது. பாதியைக் கையில் கொட்டிக்கொண்டு மறுபாதியை ஆட்டினான். இல்லை. கையில் இருந்த மண்ணை மறுபடியும் பாதியாக்கினான். இப்படியே குறைந்து குறைந்து கடைசியில் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை செம்மண்தான் மிஞ்சியது. அதன்மேல் அவன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தான்.

கால் கிராம்கூட இருக்காது. ஒரு பக்கம் வழவழப்பாக, மறுபக்கம் குழிகுழியாக, குழிகளில் குவார்ட்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மர நிழலில் பிடித்துப் பார்க்கச் சொன்னார் பெரியவர். நிழலிலும் அதே மஞ்சள். தங்கம்போல ஏமாற்றும் பைரைட் கனிமம் வெயிலில் மட்டும் மினுக்கும், நிழலுக்கு வந்தால் மங்கிவிடும். நகத்தால் அழுத்தினேன், ஆழமான குளிர்ச்சி. இத்தனை கோடி ஆண்டுகளில் அதைத் தொட்ட முதல் மூன்று பேர் நாங்கள்தான்.

உற்சாகத்தில் மச்சான் அடுத்த இடத்துக்கு நகரப் பார்த்தான். பெரியவர் அவன் தோளைத் தொட்டுக் குழியைக் காட்டினார். மூன்று பேரும் சேர்ந்து மூடினோம். கொத்திய மண்ணைத் திருப்பித் தள்ளி, மிதித்து, மேலே சருகும் பட்டையும் பரப்பி, எங்கே தோண்டினோம் என்று எங்களுக்கே தெரியாதபடி ஆக்கிய பிறகுதான் அவர் நகர்ந்தார். இது ஜாஜா வுருங் மக்களின் நாடு, தங்கம் தேடி யாரும் வருவதற்கு முன்பே அவர்கள் வாழ்ந்த மண், கல்லாயுதம் கண்ணில் பட்டால் தொடாமல் அங்கேயே விட்டுவிட வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்றார். மூடாத ஒவ்வொரு குழியும், தங்கம் தேடுகிறவர்களை உள்ளே விடாமல் ‘காட்டைப் பூட்டு’ என்று சொல்கிறவர்கள் கையில் நாமே கொடுக்கும் சாட்சி என்பது அவர் பக்கம். குழி மூடாதவரிடம் என்ன விலையுள்ள கருவி இருந்தாலும் எனக்கு மதிப்பில்லை. அந்த மதியத்தில் தங்கத்தைவிட அந்தக் குழி மூடலைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் போட்டிகள். கயிறு கட்டிய வயலில் எண் போட்ட உலோக வில்லைகளைப் புதைத்து வைத்திருந்தார்கள், அதிகம் எடுத்தவருக்குப் பரிசு. எனக்குப் பிடித்தது தங்கம் அரிக்கும் போட்டிதான். ஒவ்வொருவருக்கும் ஒரு வாளி மண், அதில் எண்ணிப் போட்ட தங்கத் துகள்கள். யார் முதலில் முடிக்கிறார் என்று பார்ப்பார்கள், தொலைத்த ஒவ்வொரு துகளுக்கும் நேரம் கூட்டப்படும். அரிசி களைந்து கல் அரித்த கைக்கு இந்த வேலை உடனே புரிந்துவிடும். ஆனால் இங்கே நமக்கு வேண்டியதே அடியில் தங்கும் கல்தான். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கருமணலில் இருக்கும் மேக்னடைட் ஐந்துக்குச் சற்று மேல், தங்கமோ 19.3. தட்டைத் தண்ணீருக்குள் வைத்துக் குலுக்கினால் தங்கம் தானாகக் கீழே இறங்கிவிடும். மேலே இருப்பதை மட்டும் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக வழியவிட வேண்டும். முதலிடம் பிடித்த பெண்மணியின் கைகளில் அவசரமே தெரியவில்லை. கடைசியில் கருமணல் பிறைபோல ஒதுங்கி, அதன் ஓரத்தில் மஞ்சள் கோடு நின்றது.

மாலையில் மேசை போட்டு அவரவர் கண்டெடுத்ததைக் காட்டினார்கள். தங்கம் இருந்தது, அதைவிட அதிகமாக ஈயக் குண்டுகளும் சதுரத் தலை ஆணிகளும் பொத்தான்களும் இருந்தன. எந்த இடம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அது இங்கே எழுதாத சட்டம். எந்தக் காயில், எந்த செட்டிங், எவ்வளவு ஆழம் என்பதை எல்லாம் ஒளிக்காமல் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் மொலியாகல் போனோம். 1869 பிப்ரவரி 5 அன்று ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற, இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த இருவர் அங்கே ஒரு மரத்தின் வேரை ஒட்டி, தரைக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே, ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டியைக் கண்டெடுத்தார்கள். சுமார் 72 கிலோ சுத்தத் தங்கம். டனோலி வங்கியில் அதை நிறுக்கும் அளவுக்குத் தராசு இல்லாததால் கொல்லர் பட்டறைக் கல்லில் வைத்துத் துண்டாக்கினார்கள். அந்தப் பட்டறைக்கல் இன்றும் டனோலி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் முகத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் கிங்கவரில் 1980ல் கெவின் ஹில்லியர் டிடெக்டரால் எடுத்த 27 கிலோ ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ வெட்டப்படாமலே லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிக்குப் போய்விட்டது. உழைத்தவர்களின் ஊரில் அது இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

போக நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கருவியை முதலிலேயே விலை கொடுத்து வாங்கிவிடாதீர்கள், வாடகைக்குக் கிடைக்கும். மைனர்ஸ் ரைட்டை ஆன்லைனில் எடுத்துக்கொள்ளுங்கள், தேசியப் பூங்கா எல்லையை வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சந்திப்புக்குப் போய்த் தெரிந்தவர் பக்கத்தில் நின்று அந்த ரீங்காரத்தைப் பழகுங்கள். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும், குந்தாலி சுலபமாக இறங்கும் என்று பெரியவர் சொன்னதை வைத்து, ஜூன் மாதம் அதே ஓடைப்பள்ளத்தின் மேல்பகுதியைப் பார்க்க மச்சான் இப்போதே தேதி குறித்துவிட்டான்.